கிட்டார் பெடலில் பேஸ் கிட்டார்: அடி ஒலி காணாமல் போவது ஏன்?

சனிக்கிழமை இரவு. பட்டணத்து மண்டபம் ஒன்றில் திருமண விருந்து. மேடையில் உள்ளூர் இசைக்குழு. கீபோர்டு, டிரம்ஸ், தபேலா, லீட் கிட்டார், பேஸ் கிட்டார் என எல்லாம் இருக்கின்றன. பாட்டும் நன்றாகப் போகிறது. துள்ளல் பாட்டு ஒன்றின் இடையிசை வருகிறது. பேஸ் வாசிக்கும் தம்பி காலடியில் இருக்கும் பெடலை மிதிக்கிறார். லீட் கிட்டார் வாசிக்கும் அண்ணனிடம் இரவல் வாங்கிய ஓவர்டிரைவ் பெடல் அது. வீட்டில் வாசித்துப் பார்த்தபோது சிங்கம் உறுமுவதுபோல் இருந்தது. மேடையில் மிதித்ததும் பாட்டின் அடித்தளமே கழன்றதுபோல் ஆகிவிடுகிறது. டிரம்ஸ் தனியாகக் கேட்கிறது, கீபோர்டு தனியாகக் கேட்கிறது. ஆடிக்கொண்டிருந்தவர்களின் கால்களும் தயங்குகின்றன.

புதிதாக பேஸ் வாசிக்க வரும் பலருக்கும் இது நடக்கக்கூடிய ஒன்றுதான். "பெடல் பழுதா, பேஸ் பழுதா?" என்று குழுவுக்குள் பேச்சு வரும். சிலர் உடனே கடைக்குப் போய், சில நூறு ரிங்கிட் கொடுத்து பேஸுக்கென்றே விற்கும் வேறொரு பெடலை வாங்கிவிடுவார்கள். பகுதிநேர வேலையில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அதில் போய்விடும். இரவல் பெடலில் நடந்தது என்ன என்று தெரிந்தால், பல நேரங்களில் அந்தச் செலவே தேவைப்படாது.

பெடல் கெட்டுவிடுமா?

முதலில் ஓர் அச்சத்தைப் போக்கிவிடலாம். கிட்டாருக்காகச் செய்த பெடலில் பேஸ் கிட்டாரைச் செருகினால் பெடலும் கெடாது, பேஸும் கெடாது. இரண்டும் ஒரே வகையான சிறிய மின் சைகையைத்தான் தருகின்றன. கேபிளும் ஒன்று, பிளக்கும் ஒன்று.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். உள்ளே 9 வோல்ட் பேட்டரி போட்டு வாசிக்கும் 'ஆக்டிவ்' வகை பேஸ் கிட்டார்கள் சைகையை வலுவாக அனுப்பும். சில பெடல்கள் அதைத் தாங்காமல், ஒலியை நாம் கேட்காத இடத்திலும் கரகரக்க வைக்கும். அப்போது பேஸில் உள்ள ஒலித் திருகியைச் சற்றுக் குறைத்தால் போதும்.

அடி ஒலி எங்கே போகிறது?

சாதாரண கிட்டாரின் தடித்த கம்பியைத் திறந்த நிலையில் மீட்டினால் அது ஒரு நொடிக்குச் சுமார் 82 முறை அதிரும். அதாவது 82 ஹெர்ட்ஸ். நான்கு கம்பி பேஸின் தடித்த கம்பி அதில் பாதி, சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸ் என்றால் சுமார் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்.

கிட்டார் பெடலை வடிவமைத்தவர் 82 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியை மனத்தில் வைத்துத்தான் வேலை செய்திருப்பார். அதற்குக் கீழே கிட்டாரில் சுரம் இல்லை; இருப்பது பெரும்பாலும் இரைச்சல்தான். அதோடு, அடி ஒலியை அப்படியே கரகரக்க வைத்தால் கிட்டார் குழைந்துபோய்த் தெளிவில்லாமல் கேட்கும். அதனால் பெடலுக்குள் இருக்கும் மின்தேக்கிகளைக் கொண்டு அடி ஒலியை வேண்டுமென்றே வடிகட்டுகிறார்கள். மின்தேக்கி ஒரு மதகுபோல வேலை செய்யும். உயர்ந்த ஒலியை எளிதாக விடும்; தாழ்ந்த ஒலியைத் தடுக்கும். எந்த அளவுக்குக் கீழே தடுக்க வேண்டும் என்பதை வடிவமைப்பவரே முடிவு செய்கிறார்.

உலகெங்கும் புகழ்பெற்ற ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பெருக்கும் பகுதியில் இந்த எல்லை சுமார் 720 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். 24 கட்டைகள் உள்ள பேஸில் மெல்லிய கம்பியின் கடைசிக் கட்டையை அழுத்தினாலும் அந்தச் சுரத்தின் அடிப்படை அதிர்வு சுமார் 392 ஹெர்ட்ஸ்தான். அப்படியென்றால் பேஸ் கிட்டாரின் சுரங்கள் அனைத்தின் அடிப்படையும் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. கம்பியின் மேல் அதிர்வுகள் மட்டும் பலமடங்கு பெருகி முன்னால் வருகின்றன. அடி ஒலி பெருகாமல் பின்தங்கிவிடுகிறது. மொத்தச் சத்தத்தைப் பழைய அளவுக்குச் சரிசெய்தால், பேஸ் மெலிந்துபோய்க் கேட்கிறது.

வீட்டில் நன்றாக இருந்ததே?

இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும். வீட்டில் வாசிக்கும் சிறிய ஆம்பின் ஸ்பீக்கரில் இருந்து அடி ஒலி முன்பும் அதிகமாக வந்திருக்காது. மேல் அதிர்வுகளைக் கேட்டே, அடியில் இருக்க வேண்டிய சுரத்தை மனிதக் காது தானாகக் கற்பித்துக்கொள்ளும். தனியாக வாசிக்கும்போது அந்தக் கரகரப்பு நிறைவாகவும் முரட்டுத்தனமாகவும் தோன்றும்.

மேடையில் நிலைமை வேறு. பெடல் பெருக்கித் தரும் அதே நடு ஒலியில்தான் கிட்டார், கீபோர்டு, பாடகரின் குரல் எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. பேஸும் அங்கே போய்ச் சேர்ந்தால் அதைப் பிரித்துக் கேட்க முடியாது. பேஸுக்கென்றே இருந்த அடிப்பகுதியோ காலியாகக் கிடக்கும். டிரம்ஸின் கிக்கும் பேஸும் சேர்ந்து கொடுக்கும் 'தம்' என்ற அழுத்தம் அங்கேதான் பிறக்கிறது.

நம் குழுக்கள் வாசிக்கும் பாடல்களில் இந்த இழப்பு இன்னும் பெரிது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் பல இடங்களில் தனி மெட்டாகவே நடக்கும். ஏ.ஆர். ரகுமானின் பல பாடல்களுக்கு கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸும் அப்படித்தான். கேட்பவர்களில் பலருக்கு பேஸ் எது என்று சொல்லத் தெரியாது. ஆனால் அது நின்றுவிட்டால் பாட்டில் ஏதோ குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பழைய பாடம்

கரகரப்புப் பெடலின் பிறப்பிலேயே பேஸுக்கு ஒரு பங்கு உண்டு. 1961-இல் வெளிவந்த 'டோன்ட் வொரி' என்ற அமெரிக்கப் பாடலை மார்ட்டி ராபின்ஸ் பாடினார். அதன் பதிவின்போது கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸ் கிட்டார் வாசித்தார். ஒலிக்கலவைக் கருவியில் ஏற்பட்ட கோளாறால் அந்த பேஸ் கரகரத்துப் பதிவானது. அதை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே ஒலியைத் தரும் ஒரு சுற்றை உருவாக்கினார். 1962-இல் கிப்சன் நிறுவனம் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1965-இல், பீட்டில்ஸ் குழு 'ரப்பர் சோல்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதில் 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' பாடலில் பால் மெக்கார்ட்னி கரகரப்பான ஃபஸ் பேஸ் வாசித்திருக்கிறார். அதே பாடலில் வழக்கமான பேஸும் தனியாகப் பதிவாகியிருக்கிறது. ஒன்று பாட்டைத் தாங்குகிறது. மற்றது அதன்மேல் ஏறி விளையாடுகிறது. பேஸில் பெடல் பயன்படுத்த நினைக்கும் எவருக்கும் இந்த ஒரு பாடம் போதும்: கரகரப்பு வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் சுத்தமான பேஸ் ஒலி பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இரண்டையும் சேர்ப்பது எப்படி?

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, 'பிளெண்ட்', 'மிக்ஸ்' அல்லது 'டிரை' என்று எழுதிய திருகி உள்ள பெடல். பேஸுக்கென்று வரும் பல பெடல்களில் இது இருக்கும். திருகியை ஒரு பக்கம் திருப்பினால் சுத்த ஒலி, மறுபக்கம் திருப்பினால் பெடலின் ஒலி. பாதியில் நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து வரும்.

இரண்டாவது வழி, கையில் இருக்கும் கிட்டார் பெடலோடு ஒரு கலவைப் பெட்டியைச் சேர்ப்பது. ஜப்பானின் பாஸ் நிறுவனத்தின் எல்.எஸ்.-2 லைன் செலக்டர் இதற்குப் பலரும் பயன்படுத்தும் பெட்டி. அதில் ஏ, பி என்று இரண்டு பாதைகள் உள்ளன. ஏ பாதையில் இரவல் வாங்கிய கிட்டார் பெடலை மாட்ட வேண்டும். பி பாதையில் பெடல் எதுவும் வேண்டாம். அதன் 'சென்ட்' துளையையும் 'ரிட்டர்ன்' துளையையும் ஒரு குட்டைக் கேபிளால் இணைத்தால் போதும். இரண்டையும் கலக்கும் நிலையில் பெட்டியை வைத்து, முதலில் பி பாதையின் ஒலியை, பெடல் இல்லாதபோது கேட்கும் அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். பிறகு ஏ பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். குழுவோடு வாசிக்கும்போது கரகரப்பு லேசாகக் காதில் விழும் இடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

இதில் ஒரு சிக்கல் வரலாம். சில பெடல்கள் சைகையைத் தலைகீழாக்கி வெளியே அனுப்பும். அதைச் சுத்த ஒலியோடு சேர்த்தால் ஒன்று மற்றொன்றை அழித்து, அடி ஒலி முன்பைவிடக் குறைந்துவிடும். ஏ பாதையை ஏற்ற ஏற்ற பேஸ் மெலிந்துகொண்டே போனால் காரணம் இதுவாக இருக்கக்கூடும். அந்தப் பெடலை விட்டுவிட்டு வேறொன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழிக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மண்டபங்களில் சவுண்ட் சிஸ்டம் போடுபவரிடம் 'டி.ஐ. பாக்ஸ்' என்ற சிறிய பெட்டி பெரும்பாலும் இருக்கும். பேஸை முதலில் அதில் செருகினால், ஒரு பாதை சுத்தமாக நேரே மிக்சருக்குப் போகும். 'த்ரூ' என்று குறித்த துளையிலிருந்து இன்னொரு கேபிள் பெடலுக்கும், அங்கிருந்து மேடை ஆம்புக்கும் போகும். ஆம்புக்கு முன்னால் ஒரு மைக் வைத்துவிட்டால், சுத்த ஒலியும் பெடல் ஒலியும் மிக்சரில் இரண்டு தனித்தனி ஒலிகளாக இருக்கும். எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை மண்டபத்தின் நடுவில் நின்று கேட்டுச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். கச்சேரி தொடங்கும் முன்பே சவுண்ட் சிஸ்டம் அண்ணனிடம் இதைச் சொல்லிவைக்க வேண்டும். முதல் பாட்டு ஓடும்போது கேட்டால் அவருக்கும் கோபம் வரும்.

எந்தப் பெடல் எப்படி நடந்துகொள்ளும்?

டியூனர்: கிட்டார் டியூனரே போதும். சில பழைய டியூனர்கள் தடித்த கம்பியைப் பிடிக்கத் தடுமாறும். அப்போது 12-ஆவது கட்டைக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எழுப்பினால் உடனே காட்டும்.

கம்ப்ரெசர்: மெல்லிய சுரத்தையும் வலுவான சுரத்தையும் ஓரளவு சமமாக்கும். கிட்டாருக்கானதையும் பயன்படுத்தலாம். அளவு மீறினால் விரல் கம்பியைத் தட்டும் அந்த முதல் அடி மழுங்கிவிடும்.

கோரஸ், ஃபிளாஞ்சர்: மெதுவான பாடல்களில் அழகாக இருக்கும். ஆனால் அடி ஒலியும் சேர்ந்து அலைந்தால் சுருதி விலகியதுபோல் தோன்றும். அதனால்தான் பாஸ் நிறுவனத்தின் சி.இ.பி.-3 போன்ற பேஸ் கோரஸ் பெடல்களில், அடி ஒலியை அலையவிடாமல் வைத்துக்கொள்ளத் தனித் திருகி கொடுத்திருக்கிறார்கள்.

வா பெடல்: கிட்டார் வா பெடல் அடி ஒலியை நன்றாகவே குறைத்துவிடும். கலவைப் பெட்டி இல்லாமல் குழுவோடு வாசிக்க ஏற்றதல்ல.

டிலே, ரிவெர்ப்: மண்டபமே எதிரொலிக்கும் இடம். அதில் பேஸுக்கும் எதிரொலி சேர்த்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். பாட்டின் தொடக்கத்திலோ முடிவிலோ தனியாக வரும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆக்டேவ்: வாசிக்கும் சுரத்தோடு அதன் கீழ் ஸ்தாயி சுரத்தையும் சேர்த்துத் தரும். திறந்த தடித்த கம்பிக்குக் கீழ் ஸ்தாயி என்றால் சுமார் 20 ஹெர்ட்ஸ். அது மனிதக் காது கேட்கும் எல்லையின் ஓரம். சாதாரண ஸ்பீக்கரால் அதைத் தரவும் முடியாது. மேல் கட்டைகளில், ஒரு நேரத்தில் ஒரே சுரமாக வாசித்தால் இந்தப் பெடல் தெளிவாக வேலை செய்யும்.

பல பெடல்களை வரிசையாக வைப்பவர்கள் டியூனர், கம்ப்ரெசர், ஆக்டேவ், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே என்ற வரிசையில் தொடங்கலாம். கரகரத்த ஒலியை ஆக்டேவ் பெடலால் சரியாகப் பிடிக்க முடியாது. அதனால் ஆக்டேவ் முன்னால் வருகிறது.

உண்மையாகவே கெடக்கூடியவை

பேஸைச் செருகியதால் பெடல் கெடாது என்பது மேலே சொன்னதுதான். ஆனால் தவறான அடாப்டர் அதைக் கெடுத்துவிடும். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குபவை. பிளக்கின் உள்முனை எதிர்முனையாக இருக்க வேண்டும். கீபோர்டோடு வந்த அடாப்டரும் பெடலில் சரியாகவே பொருந்தும். ஆனால் அதில் 12 வோல்ட் வரலாம், முனைகளும் மாறியிருக்கலாம். அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவையும், வட்டத்தோடு கூடிய கூட்டல், கழித்தல் குறிகளையும் பெடலில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செருக வேண்டும்.

பேட்டரியில் இயங்கும் பெடல் என்றால் வாசித்து முடித்ததும் 'இன்புட்' துளையிலிருந்து கேபிளைக் கழற்றிவிட வேண்டும். கேபிள் செருகியிருக்கும் வரை, பெடலை மிதிக்காவிட்டாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஸ்பீக்கருக்குத்தான். பேஸ் ஆம்ப் இல்லாத குழுக்களில் கிட்டார் ஆம்பிலேயே பேஸைச் செருகுவது உண்டு. அடி ஒலியை வெளியிட ஸ்பீக்கரின் கூம்பு அதிக தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் அதற்காகச் செய்ததல்ல. வீட்டில் மெதுவாக வாசிப்பதில் பயமில்லை. மேடை அளவுக்குச் சத்தத்தை ஏற்றினால் ஸ்பீக்கர் கிழிந்துபோகக்கூடும். அந்த ஆம்பும் இரவல் என்றால், அந்த நட்புக்கும் சேர்த்துத்தான் சேதம். பேஸ் ஆம்ப் கிடைக்காத நாளில் டி.ஐ. பாக்ஸ் வழியாக நேரே மிக்சருக்கு அனுப்புவதே பாதுகாப்பு.

கடைக்குப் போகும் முன்

புதுப் பெடல் வாங்க நினைப்பவர், தான் வாசிக்கும் அதே பேஸைக் கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது. அங்கே பேஸ் ஆம்பில் செருகி, தடித்த கம்பியின் தாழ்ந்த சுரம் ஒன்றை நீட்டி வாசித்துக்கொண்டே பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும். மிதிக்கும் முன்னும் பின்னும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி திருகியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றும். பெடலை வாங்க வைப்பதும் அதுதான். இரண்டு நிலையிலும் நெஞ்சில் அதே அதிர்வு தெரிந்தால் அந்தப் பெடல் பேஸுக்குப் பொருந்தும்.

வாங்கியோ இரவல் பெற்றோ வந்த பிறகு, இன்னொரு சோதனையைக் குழுவின் ஒத்திகையில் செய்யலாம். டிரம்ஸ் வாசிப்பவர் கிக்கை மட்டும் அடிக்க, பேஸ் அதனோடு சேர்ந்து நான்கு சுற்று பெடல் இல்லாமலும் நான்கு சுற்று பெடலோடும் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். பெடல் வந்ததும் கிக் தனியாகப் பிரிந்து கேட்டால், சுத்த ஒலி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அர்த்தம்.

இவ்வளவும் செய்து பார்த்துவிட்டு, அதே ஓவர்டிரைவ் பெடலோடு அந்தத் தம்பி அடுத்த மேடையில் ஏறலாம். மண்டபத்தில் இருப்பவர்கள் அவர் பெடலை மிதித்ததைக் கவனிக்க மாட்டார்கள். இடையிசையில் பாட்டுக்கு ஒரு முறுக்கு ஏறியது மட்டும் அவர்களுக்குத் தெரியும். ஆடும் கால்கள் நிற்காது.